எழுத எழுத அழியும் விடைத்தாள்

விழாமல் ஆடியவர்களுக்கு இரண்டாம் பரிசு, விழுந்தவர்களுக்கு முதல் பரிசு என்று மைக்கில் அறிவித்தபோது, கூட்டலில் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வேறென்ன தோன்றும்?

இடம், அமெரிக்காவில் டாலஸ் நகரத்துப் பக்கம் ஒரு பெரிய மாநாட்டு அரங்கம். மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று பாளையங்கோட்டையிலிருந்து போயிருந்தேன். பேத்திக்கு 12 வயது. சியர்லீடிங் அணியில் சேர்ந்திருக்கிறாள் என்று முன்பே போனில் சொல்லியிருந்தார்கள். ஐ.பி.எல். மேட்ச்சில் யாராவது சிக்ஸர் அடித்தால் மேடையில் குஞ்சத்தை ஆட்டிக்கொண்டு ஆடுவார்களே, அதுதான் என்று எண்ணிக்கொண்டு, "படிக்கிற பிள்ளைய எதுக்குட்டி அதுக்கெல்லாம் அனுப்புத?" என்று மகளைக் கோபித்தும் இருக்கிறேன். "வந்து பாரும்மா, அப்புறம் பேசு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். அங்கே வேறு யாருடைய மேட்ச்சும் நடக்கவில்லை. ஊக்கப்படுத்த வந்தவர்களே ஆட்டக்காரர்கள். 54 அடிக்கு 42 அடியில் ஒரு நீல விரிப்பு, அதன் அடியில் ஸ்பிரிங் வைத்த பலகை. 20 பெண்கள் தலையில் முயல் காது மாதிரி ரிப்பன் கட்டிக்கொண்டு ஓடிவந்து நின்றார்கள். பாட்டு போட்டார்கள். பத்துப் பாட்டை வெட்டி ஒட்டி, நடுநடுவே இடியும் கண்ணாடி உடையும் சத்தமும் சேர்த்த ஒரு கலவை அது. மொத்தம் இரண்டரை நிமிஷம். அதற்குள் நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாகக் கையூன்றிக் கரணம் போட்டார்கள். ஓடிவந்து அதையே இரண்டும் மூன்றுமாகப் போட்டார்கள். காலை அகட்டித் தாவினார்கள், ஆளை ஆள் தூக்கினார்கள், தூக்கியவளைத் தூக்கி எறிந்து பிடித்தார்கள், பிரமிட் கட்டினார்கள், கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு நடனமும் ஆடினார்கள். நம் பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் டிரில் முடிந்ததும் பையன்கள் பிரமிட் கட்டி உச்சியில் ஒருவன் கொடி காட்டுவானே, அதைப் பத்துத் தடவை வேகமாக ஓட்டிப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆள் தூக்குவதற்கு 'ஸ்டன்ட்' என்று பெயர். நாலு பேர் ஒரு குழு. எதிரும் புதிருமாக நின்று பாதத்தைத் தாங்குகிற இரண்டு பேர் 'பேஸ்'. பின்னால் நின்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, விழுந்தால் முதலில் தலையைத் தாங்க வேண்டியவள் 'பேக்ஸ்பாட்'. மேலே ஏறிச் சிரிக்கிறவள் 'ஃப்ளையர்'. என் பேத்தி பேஸ். வந்திருந்த அப்பா அம்மாக்களின் கேமரா எல்லாம் மேலே நிற்பவளையே பார்த்தன. கீழே இருக்கிற பிள்ளையின் முகம், அடுத்தவளின் ஷூவுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் அணி ஒரு இடத்திலும் விழவில்லை. அடுத்து வந்த அணியில் ஒரு குழு சரிந்து, மேலே இருந்த பிள்ளை கீழே இருந்தவர்களின் கையில் வந்து விழுந்தது. அரங்கமே 'ஐயோ' என்றது. அவர்களுக்குத்தான் முதல் பரிசு.

இரவு சாப்பாட்டு மேஜையில் மகளுடைய லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன். முடிவுப் பட்டியலை இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் அணி 93.40, கழிவு 0. முதலிடம் 94.85, கழிவு 0.75, நிகரம் 94.10. கூட்டல் சரியாகத்தான் இருந்தது. தப்பு வேறெங்கோ, அநேகமாக என் தலைக்குள். கோச் அனுப்பிய எங்கள் அணியின் ஸ்கோர் ஷீட்டையும் வாங்கி, பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

18 கோடைகள் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவள் நான். காலையில் 15 தாள், மத்தியானம் 15 தாள், கையில் சிவப்புப் பேனா. 'கீ' என்று நாங்கள் சொல்லும் விடைக்குறிப்பு மேஜை மேல் இருக்கும். சூத்திரம் எழுதியிருந்தால் இத்தனை, எண்களைப் போட்டிருந்தால் இத்தனை, விடையில் அலகு எழுதாவிட்டால் இவ்வளவு குறை என்று எல்லாம் அதில் உண்டு. அந்தக் கண்ணோடு பார்த்தபோது ஸ்கோர் ஷீட் பழகிய காகிதமாகத் தெரிந்தது. இதுவும் ஸ்டெப் மார்க்தான்.

ஸ்டன்ட், பிரமிட், எறிதல், நின்ற கரணம், ஓட்டக் கரணம், தாவல் என்று பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். பெரும்பாலான பகுதிக்கு இரண்டு கேள்வி. எவ்வளவு கடினமானதைச் செய்தாய்? அதை எவ்வளவு சுத்தமாகச் செய்தாய்? முதலாவது 'டிஃபிகல்ட்டி', இரண்டாவது 'எக்ஸிக்யூஷன்'. இவற்றோடு ரொட்டீன் அமைப்பு, புதுமை, நடனம், மேடைக் களை என்று சில பகுதிகள். எல்லாம் கூட்டினால் 100. அதிலிருந்து விழுந்தது, தடுமாறியது, விதி மீறியது ஆகியவற்றுக்கான கழிவு தனியே போகும்.

கடினத்துக்கான மார்க்கில்தான் என் குழப்பத்தின் முதல் முடிச்சு அவிழ்ந்தது. அங்கே ஜட்ஜ் தன் மனதுக்குத் தோன்றியதைப் போடுவதில்லை. படிகள் இருக்கின்றன. இன்ன வகைக் கரணத்தை அணியில் இத்தனை பேர் செய்தால் இந்தப் படி, அதற்கு மேல் இத்தனை பேர் செய்தால் அடுத்த படி. அணியில் ஒருத்தி வானத்தில் மூன்று சுற்றுச் சுற்றினாலும் அந்தப் படி ஏறாது. பாதிக்கு மேற்பட்டோர் செய்ய வேண்டும், இன்னும் மேலே போக முக்கால்வாசிப் பேர் செய்ய வேண்டும். அதுவும் ஒரே சமயத்திலோ, அலை அலையாகவோ, எண்ணக்கூடிய மாதிரி. எங்கள் தாளில் நின்ற கரணத்துக்கு எதிரே கோச் பேனாவால் எழுதியிருந்தாள்: '12/20'. இருபது பேரில் பன்னிரண்டு பேர்தான் செய்திருக்கிறார்கள். மீதி எட்டுப் பேர் ஓரத்தில் நின்று கையை 'வி' மாதிரி விரித்துக்கொண்டிருந்தார்கள். அது நடன அமைப்பு என்று நான் நினைத்திருந்தேன். கரணம் வராததை மறைக்கத்தான் அப்படி நிறுத்தியிருக்கிறார்கள். 15 பேர் செய்திருந்தால் அடுத்த படி.

அந்த எட்டில் என் பேத்தியும் ஒருத்தி. "ஆச்சி, எனக்கு கார்ப்பெட்ல வரும். ஃப்ளோர்ல பயம்" என்றாள்.

ஸ்டன்ட்டுக்கும் இதே கதை. இருபது பேரை நாலு நாலாகப் பிரித்தால் ஐந்து குழு. எத்தனை குழு ஒன்றாகத் தூக்குகின்றன என்பதற்கு அணியின் அளவை வைத்து அட்டவணையே உண்டு. எங்கள் அணி நாலு குழுவைத்தான் தூக்கியது. முன்னால் நின்று ஆடிய நாலு பேர் அழகாகத்தான் ஆடினார்கள். அழகுக்கு அந்தக் கட்டத்தில் மார்க் கிடையாது.

என் மாணவிகளில் சென்டம் வாங்குகிறவள் ஒருத்தியால் பள்ளிக்கூடமே பெயர் வாங்கிவிடும். இங்கே அப்படிக் கிடையாது, கடைசி பெஞ்சுதான் வகுப்பின் மார்க்கை நிர்ணயிக்கிறது. இதை நினைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுத்தத்துக்கான மார்க் நேர்மாறு. இங்கே முழு மார்க்கில் தொடங்கி, குறை காணக் காணப் பத்தில் ஒன்று, பத்தில் இரண்டு என்று கீழே இறங்குகிறார்கள். குறை காணவும் தலைப்புகள் இருக்கின்றன. மேலே நிற்பவளின் முழங்கால் மடங்கியதா, பாத நுனி நீண்டிருந்ததா, இடுப்பு ஆடியதா? கீழே இருப்பவர்கள் தாங்கிக்கொண்டே இரண்டடி நகர்ந்தார்களா, முதுகு வளைந்ததா? ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தட்டுத் தடுமாறியதா? எல்லாக் குழுவும் ஒரே எண்ணிக்கையில் ஏறினவா? இவர்களுடைய கணக்கு எட்டு எட்டாகத்தான் ஓடுகிறது. ஆதி தாளம் மாதிரி எட்டு. 'ஐந்தில்' ஏற வேண்டியவள் 'ஐந்தரையில்' ஏறினால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கும் நமக்குத் தெரியாது, ஜட்ஜுக்குத் தெரியும். கீழே நிற்கும் பேஸின் பாதத்தையும் பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு ஒரு திருப்தி. கேமரா பார்க்காத என் பேத்தியை யாரோ பார்க்கிறார்கள்.

இனிக் கழிவு. கையூன்றக் கூடாத இடத்தில் ஊன்றினால், முட்டி தரையைத் தொட்டால் ஒரு அளவு. ஸ்டன்ட் ஆடி, விழப் பார்த்து, எப்படியோ நின்றுவிட்டால் அது 'பாபிள்', அதற்கு ஒரு அளவு. இறங்க வேண்டிய நேரத்துக்கு முன்பே இறங்கிவிட்டால் அதைவிட அதிகம். மேலே இருந்தவள் தரைக்கே வந்துவிட்டால் இன்னும் அதிகம். எண்கள் நடத்துபவரைப் பொறுத்தும் வருஷத்தைப் பொறுத்தும் மாறும், ஏறும் வரிசை இதுதான். ஒரு கழிவும் இல்லாமல் முடித்தால் 'ஹிட் ஸீரோ' என்கிறார்கள். சைபர் வாங்கியதற்காகப் பிள்ளைகள் கட்டிப் பிடித்து அழுவதை வாழ்க்கையில் முதல்முறையாக அங்கேதான் பார்த்தேன்.

ஆக, விடை இதுதான். அவர்கள் கடினமான கணக்கை எடுத்தார்கள், ஒரு இடத்தில் கைதவறினார்கள், 0.75 போனது. நாங்கள் சுலபமான கணக்கைத் தப்பில்லாமல் போட்டோம். ஆனால் நின்ற கரணத்தில் ஒரு படி, ஸ்டன்ட்டில் ஒரு படி, அங்கங்கே பத்தில் ஒன்று என்று யாருக்கும் தெரியாமல் அதைவிட அதிகம் கசிந்துபோயிருந்தது. விழுவது கண்ணுக்குத் தெரியும். செய்யாமல் விட்டது தெரியாது. விடைத்தாளிலும் அப்படித்தான். அடித்து அடித்து எழுதிய பக்கம் நம் கண்ணை உறுத்தும். எழுதாமல் விட்ட ஐந்து மார்க் கேள்வியை, கூட்டும்போதுதான் கவனிப்போம்.

"அப்ப கஷ்டமானதையே எல்லாரும் செய்ய வேண்டியதுதானே?" என்று கேட்டேன். அதற்கு மகள் சொன்ன பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. முடியாது. வகுப்பு மாதிரி நிலைகள் இருக்கின்றன, 1 முதல் 7 வரை. முதல் நிலையில் உருளலாம், சக்கரக் கரணம் போடலாம். இரண்டாம் நிலையில் கையூன்றிப் பின்பக்கம் போகலாம், கையூன்றாமல் அந்தரத்தில் புரளக் கூடாது. மூன்றாம் நிலையில்தான் அந்தரக் கரணத்துக்கு அனுமதி. ஐந்தில் அதற்கு ஒரு முழுச் சுற்று, ஆறில் இரண்டு சுற்று. பேத்தியின் அணி இரண்டாம் நிலை. ஆர்வக் கோளாறில் ஒருத்தி அந்தரத்தில் புரண்டுவிட்டால் பாராட்டுக்குப் பதில் கழிவு. சிலபஸில் இல்லாததை எழுதினால் மார்க் குறைக்கும் பரீட்சையை நான் இதற்கு முன் கண்டதில்லை. ஆனால் நியாயம். முகாமில் எத்தனையோ தாளில் பிள்ளைகள் டியூஷனில் படித்த மேல்வகுப்பு முறையில் போட்டு வைத்திருப்பார்கள், அதற்கு மார்க் போடலாமா என்று முதன்மைத் தேர்வாளரான சீஃபிடம் போய் நிற்போம். இங்கே அந்தக் கேள்வியே எழாது. விடைத்தாளால் யாருக்கும் கழுத்து முறியாது, இங்கே முறியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மேல் நிலைக்குத் தகுதியான பிள்ளைகளைக் கீழ் நிலையில் இறக்கிப் பரிசு வாங்குகிற அணிகள். எட்டாம் வகுப்புப் பையனை ஆறாம் வகுப்புப் பரீட்சைக்கு அனுப்புகிற மாதிரி. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சாண்ட்பேகிங்'. இதைச் சொல்லாத பெற்றோர் அரங்கத்தில் ஒருவர்கூட இல்லை. தோற்றவர்கள் எல்லாருமே சொன்னார்கள் என்பதால் எவ்வளவு உண்மை என்று நான் ஆராயவில்லை.

ஜட்ஜ்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரமான மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் எல்லாவற்றுக்கும் மார்க் போடுவதில்லை. தூக்குவது, எறிவது, பிரமிட் எல்லாம் சிலருக்கு. கரணமும் தாவலும் வேறு சிலருக்கு. மொத்த அமைப்பையும் களையையும் பார்க்க இன்னும் சிலர். கழிவையும் விதிமீறலையும் பார்ப்பதற்கென்றே தனி ஆட்கள். நியாயமான பங்கீடு. ஏனென்றால் இந்த வேலையில் உள்ள கஷ்டம் எனக்குப் புரிந்தது. நாங்கள் தாளைப் புரட்டிப் பார்ப்போம், சந்தேகம் வந்தால் பக்கத்து டீச்சரிடம் காட்டுவோம், சரிபார்க்கும் அதிகாரியான எஸ்.ஓ. ஒருமுறை பார்ப்பார், சீஃப் சிலதைப் பார்ப்பார், அதற்கும் மேலே மறுகூட்டல் இருக்கிறது. இங்கே தாள் எழுத எழுத அழிந்துகொண்டே போகிறது. ஐந்து குழு ஒரே நேரத்தில் ஏறுகின்றன, மூன்று வினாடியில் இறங்கிவிடுகின்றன. அதற்குள் ஐந்து ஃப்ளையரின் முழங்கால், பத்து பேஸின் பாதம், ஐந்து பேக்ஸ்பாட். குனிந்து எண்ணை எழுதுகிற அந்தக் கணத்தில் அடுத்தது நடந்து முடிந்திருக்கும். கழிவுக்கும் விதிமீறலுக்கும் வீடியோவைத் திருப்பிப் பார்க்க வழி உண்டு. 'எத்தனை பேர் செய்தார்கள் என்று சரியாக எண்ணவில்லை' என்று கோச்சும் கேட்கலாம். சுத்தத்துக்குப் போட்ட பத்தில் ஒன்றைப் பற்றிப் பொதுவாகக் கேட்க முடியாது. ஜட்ஜ் கண்டது கண்டதுதான்.

இத்தனை அட்டவணையும் படியும் எண்ணிக்கையும் எதற்கு வந்தன என்று இப்போது புரிகிறது. ஒரே தடவை பார்க்கிற கண்ணை நம்ப முடியாது. அதனால் எண்ணக்கூடியதை எல்லாம் எண்ணிக்கையாக்கி, அந்தக் கண்ணுக்குக் கொஞ்சத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள்.

தொடக்கத்தில் சியர்லீடிங்குக்கு மார்க்கே கிடையாது. 1898 நவம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று கோஷம் போட வைத்தார். அதுதான் பிறப்பு. அப்போது எல்லாரும் ஆண்கள். அதே பல்கலைக்கழகத்தில் பெண்கள் வந்தது 1923இல். 1948இல் லாரன்ஸ் ஹெர்கிமர் என்பவர் டெக்சாஸில் முதல் பயிற்சி முகாம் நடத்தினார், வந்தது 53 பேர். அவர் பெயரில் ஒரு தாவலே இருக்கிறது, 'ஹெர்கி', ஒரு கால் நீட்டி ஒரு கால் மடித்து. அவரிடம் வேலை பார்த்த ஜெஃப் வெப் 1974இல் தனியாகப் பிரிந்து இன்னொரு அமைப்பைத் தொடங்கி, தாவலும் தூக்கலும் நிறைந்த போட்டியாக இதை மாற்றினார். அதிலிருந்து வளர்ந்த வார்சிட்டி நிறுவனம் ஹெர்கிமரின் அமைப்பையே 2004இல் வாங்கிவிட்டது. பயிற்சி முகாம், சீருடை, பெரிய போட்டிகள் என்று பலதும் ஒரே குடையின் கீழ். கேள்வித்தாள் எடுப்பவர், பாடப்புத்தகம் விற்பவர், பரீட்சை நடத்துபவர் எல்லாம் ஒருவரேயானால் பேச்சு வராமல் இருக்குமா? ஏகபோகம் என்று வழக்குகள் வந்து, 2023இலும் 2024இலும் பல கோடி டாலரில் சமரசமாகின.

மார்க் போடும் முறை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நீதிமன்றத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் தன் பெண்கள் வாலிபால் அணியைக் கலைத்துவிட்டுப் போட்டி சியர் அணியைக் கொண்டுவரப் பார்த்தது. பெண்களுக்கு விளையாட்டில் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற 1972ஆம் வருஷத்துச் சட்டத்தில் இதைக் கணக்குக் காட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம். வாலிபால் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 2010இல் நீதிபதி ஸ்டெஃபன் அண்டர்ஹில், போட்டி சியர் இன்னும் அந்தச் சட்டத்தின்படி ஒரு விளையாட்டாக ஆகவில்லை என்று தீர்ப்பளித்தார். பிள்ளைகளின் திறமையை அவர் குறை சொல்லவில்லை. அவர் காட்டிய காரணங்களில் ஒன்று: அந்த அணி ஒரே பருவத்தில் போன 10 போட்டிகளில் ஐந்து வெவ்வேறு முறைகளில் மார்க் போட்டிருக்கிறார்கள். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஐந்து 'கீ' வைத்து ஒரே பரீட்சையைத் திருத்தினால் நானும் அதைப் பரீட்சை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மார்க் போடும் முறைகளைச் சீராக்க நிறைய முயற்சி நடந்திருக்கிறது. கல்லூரிகளுக்கென்று 'ஸ்டன்ட்' என்ற பெயரிலேயே ஒரு தனி ஆட்டத்தை உருவாக்கினார்கள். அதில் இரண்டு அணிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரே நேரத்தில், எழுத்துக்கு எழுத்து ஒரே ரொட்டீனைச் செய்ய வேண்டும். யார் சுத்தமாகச் செய்தார்களோ அவர்களுக்கு ஒரு புள்ளி. நாலு கால் பகுதி: தூக்கல், பிரமிடும் எறிதலும், தாவலும் கரணமும், கடைசியில் முழு அணி. கடினமா சுலபமா என்ற கேள்வியே இல்லை, இரண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள். கணக்கு டீச்சராக நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனால் பார்த்தபோது கொஞ்சம் சப்பென்றிருந்தது. அடுத்து என்ன வரும் என்ற படபடப்பு இதில் வரவில்லை.

பெரிய பிள்ளைகளின் போட்டியை நான் டிவியில்தான் பார்த்தேன். டேடோனா பீச்சில் அட்லாண்டிக் கடலைப் பார்த்த ஒரு திறந்த மேடை. ஏப்ரல் மாதம் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி அங்கேதான். டெக்சாஸில் கார்சிகானா என்ற சின்ன ஊரிலுள்ள நவாரோ கல்லூரியைப் பற்றி 2020இல் நெட்ஃபிளிக்ஸில் 'சியர்' என்று ஒரு தொடர் வந்தது. அப்போதைய கோச் மோனிகா ஆல்டமா, பல தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். 40 மைல் தள்ளி ட்ரினிட்டி வேலி என்று ஒரு கல்லூரி, பரம எதிரி. வருஷம் முழுக்கப் பயிற்சி, எலும்பு முறிவு, அழுகை எல்லாம் இரண்டேகால் இரண்டரை நிமிஷத்துக்காக. இரண்டு நாள் ஆடுகிறார்கள். முதல் நாளுக்கு 25 சதவீதம், இரண்டாம் நாளுக்கு 75. காலாண்டுக்குக் கால், முழு ஆண்டுக்கு முக்கால். முதல் நாள் நன்றாக ஆடியவர்கள் இரண்டாம் நாள் ஒரு கை நழுவினால் போயிற்று. 2019இல் நவாரோ ஜெயித்தது, 2020இல் கொரோனாவால் போட்டியே இல்லை, 2021இல் ட்ரினிட்டி வேலி ஜெயித்தது. ஜெயித்த அணி உடுப்போடு கடலுக்குள் ஓடுவது வழக்கம்.

எல்லாம் ஒத்துக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. மேடைக் களைக்கு மார்க் இருக்கிறதல்லவா, அதுதான். பேத்தியின் கோச் "ஃபேஷியல்ஸ் இம்ப்ரூவ் பண்ணணும்" என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எதற்குப் பியூட்டி பார்லர் என்று பதறிவிட்டேன். முகபாவத்தைச் சொல்கிறாளாம். கண்ணை அகல விரி, வாயைத் திற, கண்ணடி, நாக்கை நீட்டு. கையில் ஒருத்தியின் முழு எடையையும் தாங்கிக்கொண்டு, மூச்சுத் திணறிக்கொண்டு ஒரு குழந்தை கண்ணடிக்கிறது. கரணத்தை எண்ணலாம். சந்தோஷத்தை எந்த அட்டவணையில் எண்ணுவார்கள்? எண்ண முடியாததால் அதன் நகலைக் கேட்கிறார்கள், பிள்ளைகளும் நகலைக் கொடுக்கிறார்கள். மகளிடம் சொன்னேன். "அம்மா, பரதநாட்டியத்துலயும் சிரிச்சிட்டுத்தான் ஆடணும்" என்றாள். பதில் தோன்றவில்லை. இருந்தாலும் சமாதானமாகவில்லை.

அந்த விஷயத்தில் 'கேம் டே' என்ற பிரிவு பரவாயில்லை. பழையபடி கூட்டத்தைக் கோஷம் போட வைக்கிறார்களா என்பதுதான் அங்கே பரீட்சை. பதாகை, மெகாபோன், குஞ்சம் எல்லாம் உண்டு. இப்போது நம் அணி தாக்குகிறதா, தடுக்கிறதா என்று அறிவிப்பு வரும், அதற்கேற்ற கோஷத்தை அப்போதே எடுக்க வேண்டும். பிள்ளைகள் நிஜமாகவே யாரையோ பார்த்துக் கத்துகிறார்கள்.

நான் கழிவுக்காரர்களைத் திட்டுவதை நிறுத்தியதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2006 மார்ச்சில் சதர்ன் இல்லினாய் பல்கலைக்கழக அணியில் ஒரு பெண், கூடைப்பந்து மேட்ச்சின் நடுவே பிரமிட் உச்சியிலிருந்து தலைகீழாக விழுந்தாள். கழுத்தைக் கட்டி ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போகும்போது பேண்டு வாசிக்க ஆரம்பித்ததும், படுத்தபடியே கையை ஆட்டித் தன் அசைவுகளைச் செய்தாள். அரங்கம் எழுந்து கைதட்டியது. பழைய வீடியோவில் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிழைத்துக்கொண்டாள். அதன் பிறகு கூடைப்பந்து மைதானத்தின் வெறும் தரையில் ஆளை எறிவது போன்றவற்றுக்குத் தடை வந்தது. ஸ்கோர் ஷீட்டின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கழிவு எண்கள், இன்னொரு பிள்ளை அப்படி விழக் கூடாது என்று போட்ட வேலி.

ஊருக்குத் திரும்ப மூன்று வாரம் இருக்கும்போது இன்னொரு போட்டி வந்தது. இடையில் தினமும் மாலையில் பேத்தி வீட்டுப் பின்புறப் புல்லில் கையூன்றிப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால் மடங்கினால் "பத்தில் ஒன்று" என்பேன். "ஆச்சி, அது மடங்கல!" என்பாள். மடங்கியதுதான்.

அன்று அரங்கத்தில் நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டேன். நின்ற கரணம் வருகிற இடம் எனக்குப் பாட்டிலேயே தெரியும், கண்ணாடி உடையும் சத்தத்துக்கு அடுத்த எட்டு. ஒவ்வொருத்தியின் கையும் தரையைத் தொடும்போது ஒரு கோடு போட வேண்டும், முகாமில் கட்டு எண்ணுகிற மாதிரி ஐந்து ஐந்தாக. முன் வரிசை போனது, நடு வரிசை போனது. மூன்றாம் வரிசையில் இடது ஓரம் அவள்.

போட்டி முடிந்து ஓடிவந்தாள். "ஆச்சி, எத்தன பேரு? எண்ணுனீங்களா?"

சீட்டைப் பார்த்தேன். ஐந்து, ஐந்து, நாலு. அதற்கப்புறம் பென்சில் ஒரு கோணல் கோடாக ஓரத்துக்குப் போயிருந்தது.

"உங்கப்பாவ வீடியோவப் போடச் சொல்லு" என்றேன்.